மயிலாத்தாள், மூலனூர், இப்போதுதான் வாங்கினார்

நல்லவேளை அவங்க போன் பண்ணுனாங்க. கையில டேப்பு ஓடிட்டு இருக்குது, கவர மடிக்கறேன், லேபிள ஒட்டறேன், தள்ளி வெக்கறேன், மனசு மட்டும் அந்தப் போன்லயே நிக்குது. வேற ஆராச்சும்னா ஒத்த ஸ்டாரக் குடுத்து நாலு வார்த்த திட்டி எழுதிட்டுப் போயிருப்பாங்க. இல்லீன்னா ஒண்ணுமே சொல்லாம இந்தக் கடையவே மறந்திருப்பாங்க, ஏன்னுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது, நானும் சைட்டுல கீழ மூலையில வர்ற அந்தப் பெட்டியப் பாத்துப் பாத்துப் பூரிச்சுட்டே இருந்திருப்பேன். மயிலாத்தாக்கா போன் பண்ணுனாங்க. பண்ணி, மொதல்ல சாப்டியா கண்ணுன்னு கேட்டாங்க. ஆர்டர் எப்ப வரும்னு கேக்கறக்குத்தான் கூப்புடறாங்கன்னு நெனைச்சு நானும் சிரிச்சுட்டே, சாப்டங்க்கா நீங்கன்னு கேட்டுட்டு, டக்குனு பதில் சொல்றக்கு ஸ்கிரீனக்கூடத் தொறந்து வெச்சுட்டேன். அப்பறந்தான் அவங்க குரல எறக்கறாங்க, பக்கத்து ரூம்ல ஆரோ இருக்கறாப்ல. "உங்க சைட்டத் தொறந்தா கீழ மூலையில என்ற பேரு வருது கண்ணு. ஊரும் வருது. என்ன வாங்குனேன்னும் வருது. அத நிறுத்த முடியுமா?" அவ்வளவுதான். திட்டல, போலீஸுக்குப் போறேன்னு சொல்லல. நிறுத்த முடியுமான்னு கேட்டாங்க, பஸ்ல ஜன்னல் கதவக் கொஞ்சம் சாத்தறியான்னு கேக்கறாப்ல. கீழ பனியன் கம்பெனியில மெஷின் ஓட ஓட இந்த மாடித் தரை அதிருமில்ல, அந்தக் கேள்வி இப்பவும் அதுகூடச் சேந்து ஆடுது.

அந்தப் பெட்டி நான் செஞ்சது. வசந்தாமணி அக்காவோட இந்த ஆன்லைன் கடையில சைட்டும் நான்தான், போன் எடுக்கறதும் நான்தான், பேக்கிங்கும் நான்தான், அக்கா கீழ கம்பெனியில தைக்கறதையும் துணி வாங்கறதையும் பாத்துக்குவாங்க. நைட்டி, லெக்கின்ஸ், பாடி எல்லாம் இருக்குது, ஆனா நெசமா கடைய நடத்தறது பஞ்சு பாடிதான். மார்புல கட்டி வந்து ஒரு பக்கத்த எடுத்துட்டவங்க போட்டுக்கறது. அந்தப் பக்கத்துல மெதுவான பஞ்சு வெச்சுத் தைச்சிருக்கும், வெளிய பாக்கற ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. திருப்பூர்ல இத்தன கம்பெனி இருக்குது, இதை ஏன் ஒருத்தரும் தைக்கலன்னு அக்கா தன்னோட நாத்தனாருக்கு ஒண்ணு தைச்சதுல ஆரம்பிச்சது. அத வாங்கறவங்க பயம் அக்காவுக்குத் தெரியும். பார்சலுக்கு மேல துணின்னு மட்டுந்தான் போடோணும், கவர் கறுப்பா இருக்கோணும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாலும் உள்ள தெரியக் கூடாது, டெலிவரிப் பையன் என்னங்க இதுன்னு கேட்டா நைட்டின்னு சொல்லிக்கற மாதிரி கனம்கூட இருக்கோணும்னு ஒரு பழைய அட்டைய உள்ள வெக்கச் சொல்லுவாங்க. கவருக்கு வெளிய அவ்வளவு பண்ணுனோம். நான் ஸ்கிரீனுக்குள்ள மைக் வெச்சுக் கத்தியிருக்கறேன். எல்லாப் பெரிய சைட்டுலயும் வருமில்ல, சென்னையில இருந்து பிரியா இதை இப்பத்தான் வாங்கினார்னு, அதப் பாத்ததும் நமக்கும் வேணும்னு ஒரே குதி. வீடியோ பாத்துப் பாத்து நானே செஞ்சேன். செய்யறப்பத்தான் தெரிஞ்சது, அந்தப் பிரியாவெல்லாம் இல்லாத பிரியா, நம்மளே கொஞ்சம் பேர எழுதி வெச்சா அது சுத்திச் சுத்திக் காட்டும். அக்காகிட்டப் போய்ச் சொன்னேன். அக்கா ஊசியில நூலக் கோத்துட்டே, இல்லாத பொம்பளைய எதுக்கு இருக்கறான்னு சொல்லோணும், பொய்யெல்லாம் வேண்டாம் யமுனான்னு சொல்லீட்டாங்க. அக்கா கடையில பொய்யே கிடையாது, சாயம் போகும்னா சாயம் போகும்னு எழுதுவோம். நானும் செரின்னு, எவ்வளவு சந்தோசமா, நெஜ ஆர்டரோடவே கோத்து உட்டுட்டேன். ஊர்ல இருக்கற அத்தன சைட்லயும் நம்மளுது மட்டுந்தான் நெசம்னு அண்ணன்கிட்டச் சொல்லிச் சொல்லி அவன் காதே புளிச்சுப் போச்சு. நெசந்தான். அதுதான் இப்ப மூலனூர்ல ஒருத்தங்க கழுத்துல கத்தியாட்ட நிக்குது.

இன்னொரு நாளா இருந்தாப் பரவால்ல. இன்னைக்குத்தான் அவங்க ஊட்டுல உப்புச் சக்கரை மாத்தறாங்க. பொண்ணு பேரு சிந்துஜா, ஒரே பொண்ணு, மாப்ள ஊட்டுக்காரங்க பொழுதோட வர்றாங்க, உப்பையும் சக்கரையையும் தட்டுல வெச்சு ரெண்டு பக்கமும் மாத்திக்கிட்டாக் கலியாணம் உறுதியானாப்ல. அதுக்குள்ள ஒரு வார்த்த கசிஞ்சுதுன்னா தட்டு மடியிலயே இருந்துக்கும், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, காப்பி குடிச்சுட்டுப் போயிருவாங்க, அப்பறமாச் சொல்லி அனுப்பறோம்பாங்க. அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வருமாமேன்னு பேசுவாங்க கண்ணு, எம்புள்ள என்ன பண்ணுச்சு, அதுகிட்டப் போயி அந்தப் பேச்சு நிக்கோணுமான்னு கேட்டாங்க. அவங்க கேட்டது என்னையில்ல, ஆனா நான் தலையாட்டுனேன், போன்ல தலையாட்டுனா தெரியுமாட்ட. மூலனூர்ல மயிலாத்தாங்கற பேருக்கு நாலு பேரு இருப்போம், மத்த மூணு பேருக்கும் போன்ல பச்சையத் தொடோணுமா செவப்பத் தொடோணுமான்னே தெரியாதுன்னு சொல்லீட்டு அவங்களே சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புலதான் எனக்கு அழுகை வந்துச்சு. மாப்ளையோட அக்கா உங்க சைட்டுலதான் எப்பவும் நைட்டி பாப்பாளாமா, அவதான் பயமா இருக்குது, மத்தவங்க தங்கமான மனுசங்க, காங்கேயத்துல ரைஸ்மில்லுக்கு எதுத்தாப்ல கொப்பரைக் களம் வெச்சிருக்கறாங்கன்னாங்க. கொப்பரைக் களம். ரைஸ்மில்லுக்கு எதுத்தாப்ல. நான் லேபிள் எழுதற பேனாவக் கீழ வெச்சேன். மாப்ளையோட அம்மா பேரு என்னங்க்கான்னு கேக்கல, கேக்கறக்கு முன்னாலயே அவங்களே, தங்கமணின்னு, ரொம்ப மெதுவாப் பேசுவாங்க, என்ன நெனைக்கறாங்கன்னே தெரியாதுன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியும். தங்கமணி அக்கா மெதுவாப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். ரைஸ்மில்லுக்கு எதுத்தாப்ல கொப்பரைக் களம்னு எங்கையாலயே எத்தன லேபிள் எழுதியிருப்பேன். சைட்டுல வாங்கறக்குப் பயந்துட்டு எப்பவும் போன்லதான் சொல்லுவாங்க, அதனாலதான் அவங்க பேரு அந்தப் பெட்டியில வரல, அந்தச் சாமிக்குக் கோடிக் கும்பிடு. இடது பக்கம் பஞ்சு. போன வருசத்துல இருந்து.

அக்கா, பயப்படாதீங்க, உங்க சம்பந்தியம்மாவும். இதுதான் தொண்டையில வந்து நின்னுச்சு. சொல்லீருந்தா முடிஞ்சுது. ஒரே மூச்சு. அந்தப் பக்கம் அவங்க மூச்ச உட்டுருப்பாங்க, எனக்கே கேட்டிருக்கும் அந்தச் சத்தம். எங்கூட்டுல எனக்குப் பேரே எஃப்எம். எங்க பெரியக்கா முழுகாம இருக்கறத மாமாவுக்கே நான்தான் சொன்னேன், அவ வெக்கப்பட்டுட்டு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கறப்பவே. அப்பனுக்கு வாங்கி வெச்ச பொறந்தநாள் சட்டைய, என்ன கலர்னு சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டே, நீலத்துக்கு உங்க வேட்டிக்கரை ஒத்துப்போகுமாங்கப்பான்னு கேட்டவ நான். அப்பேர்ப்பட்ட வாயி. அந்த வாயிக்கு ஏதோ ஆச்சு. இப்பவே எடுத்தர்றனுங்க்கா, நீங்க தைரியமா இருங்க, இதுக்கு மேல ஆரு தொறந்தாலும் வராதுன்னு மட்டும் வந்துச்சு. ஏற்கெனவே பாத்தவங்களுக்குன்னு அவங்க கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட இருந்த ஒரே பதில் அந்த ஒண்ணுதான், அது என்னோடது இல்ல. மன்னிச்சுக்குங்க்காங்கறேன், அதுக்கு அவங்க, நீ என்ன வேணும்னா பண்ணுனே, போன எடுத்துப் பேசுனியே அதுவே பெருசு, பெரிய கடையின்னா பொட்டிதான பேசும், ஒண்ண அமுத்து ரெண்ட அமுத்துன்னு, ரொம்ப தேங்க்ஸ் சாமிங்கறாங்க. எனக்கு. தேங்க்ஸு. போன வெச்சுட்டு நான் பண்ணுன மொத வேலை பெட்டிய எடுத்ததுதான். எடுக்கறக்கு ஒரு நிமிசம்கூட ஆகல, செய்யறக்கு எத்தன ராத்திரி முழிச்சேன். மூலையில இப்ப ஒண்ணுமில்ல, வெள்ளையா இருக்குது. பாக்கறக்கே நல்லா இருக்குது. இவ்வளவு நாளா ஏன் அந்த வெள்ளை நல்லா இல்லைன்னு தோணுச்சு எனக்கு.

கீழ எறங்கி அக்காகிட்டப் போய்ச் சொன்னேன். படியெறங்கறப்பவே அழுதுட்டேன், பவர் டேபிள்ல தைச்சுட்டு இருக்கற அக்காங்கெல்லாம் ஆரு செத்துட்டாங்கங்கற மாதிரி பாத்தாங்க, அதனால ரகசியமாச் சொல்றக்கு அக்காவ ஒதுக்குப்புறமா துணி மூட்டைக்குப் பின்னால இழுத்துட்டுப் போனேன். பேரச் சொல்லாமச் சொன்னேன், அதுலகூட எனக்கு ஒரு பெருமை பாருங்க. அக்கா கேட்டுட்டு இருந்தாங்க, கழுத்துல இஞ்ச் டேப்பு தொங்குது, ரெண்டு நுனியையும் கையில புடிச்சுட்டு. திட்டுவாங்கன்னு நெனைச்சேன், வேலைய உட்டு நிறுத்திருவாங்கன்னு நெனைச்சேன், எம்.காம். அப்ளிகேசன்கூட ஒரு ஓட்டம் ஓடிப் போச்சு மனசுல. அக்கா சொன்னது இதுதான். "பொய் சொல்ல வேண்டாம்னுதான் புள்ள சொன்னேன். உண்மைய ஊரக் கூட்டிச் சொல்லுன்னா சொன்னேன்?" சொல்லீட்டு அவங்களே தலையில கைய வெச்சுட்டு ஒக்காந்துட்டாங்க. நானும் பாத்தேன்ல அந்தப் பெட்டிய, நல்லா இருக்குதுன்னு சொன்னனே, எனக்குத் தோணலையேன்னு அவங்களையே திட்டிக்கிட்டாங்க. அப்பறம் முந்தானையில மொகத்தத் தொடச்சுட்டு, அந்தம்மா பாடிக்கு மாத்து வேணும்னா காசு வாங்காத, மத்தவங்க பேரும் வந்திருக்குமே, ஒவ்வொருத்தரையா நாமளே கூப்புட்டுச் சொல்லோணும், நானே கூப்புடறேன், நீ மேல போயி வேன் வர்றதுக்குள்ள பேக்கிங்க முடின்னாங்க. நானே கூப்புடறேன். அந்த வார்த்தைக்கு ஈடா நான் எங்க போயி எத வெப்பேன். எத்தன முதலாளிங்க சொல்லுவாங்க, என்ற ஃப்ரெண்டு ஒருத்தி வேலை பாக்கற எடத்துல ஏதாச்சும்னா மொதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆரு பண்ணுனதுன்னு குரூப்புல போடுவாங்களாமா. மேல வந்து திரும்ப டேப்ப எடுத்தேன். க்ரீச்சுனு ஒரு சத்தம், அப்பறம் மடிப்பு, அப்பறம் லேபிள்.

ஆனா சொல்லீறலாமே. இது திரும்பத் திரும்ப வருது, ஈயாட்ட, ஓட்டுனா போயிட்டு அதே எடத்துல வந்து ஒக்காருது. கெட்ட சேதியா இருந்தாத் தப்பு. இது நல்ல சேதிதான. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துட்டு, ரெண்டு பேரும் ஒரே கடை, ஒரே பஞ்சு, நடுவுல நான் ஒரு லூசு டேப்பப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறேன். வாட்ஸ்அப்பத் தொறந்து அடிக்கறேன், அக்கா ஒண்ணு சொல்லட்டுங்களா, பயப்படாதீங்க, அவங்களும். அழிக்கறேன். பேரச் சொல்லாம அடிக்கலாமா, அக்கா மாப்ள ஊட்டுலயும் இதப் புரிஞ்சுக்கறவங்க இருக்கலாம்ல. இருக்கலாம்லன்னு ஒரு கண்ணடிக்கற பொம்மை. அதுவும் சொன்ன மாதிரிதான. அழிக்கறேன். தங்கமணி அக்கா ஒரு தடவ, அளவு சொல்லி முடிச்சுட்டுப் போன வெக்காம இருந்தாங்க, நானும் வெக்கல, வேற ஏதாச்சும் வேணுங்களான்னு கேட்டேன், அப்பச் சொன்னாங்க, இது டாக்டருக்குத் தெரியும், எங்கூட்டுக்காரருக்கும் மகளுக்கும் தெரியும், அப்பறம் உனக்குத் தெரியும், உன்னைய நான் கண்ணுலகூடப் பாத்ததில்ல பாருன்னு. மகனுக்குக்கூடச் சொல்லல, அவன் தாங்க மாட்டான்னாங்க. நான் அப்ப சிரிச்சுட்டே எதோ சொல்லி வெச்சுட்டேன். இப்பத்தான் அது உள்ள எறங்குது. டாக்டரு, புருசன், மக, நான். அந்த வரிசையில என்னைய ஆரு சேத்துனது, ஒரு பி.காம். முடிச்ச வாயாடிய. நான் மயிலாத்தாக்காவுக்குச் சொன்னா அவங்க நிம்மதியாயிருவாங்க, நெசந்தான், ஆனா அந்த நிம்மதிய நான் தங்கமணி அக்கா பையில இருந்துதான எடுத்துக் குடுக்கறேன், அவங்களக் கேக்காம. அப்படீன்னு நெனைச்சதும் ரொம்ப நல்லவளா ஆயிட்ட மாதிரி இருந்துச்சு, ஒரு பார்சல் ஒட்டறதுக்குள்ள அதுவும் போயிருச்சு. ஏன்னா அங்க ஒரு அம்மா, காலையில இருந்து பலகாரம் சுட்டுட்டு, ஒவ்வொரு தடவ வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கறப்பவும் நெஞ்சப் புடிச்சுட்டு இருப்பாங்க. அந்தப் பஞ்சு இருக்கற பக்கத்தையே புடிப்பாங்களோ. எனக்கு எங்கயோ கூசுது. போன வாரம் குளிக்கறப்ப நானும் வசந்தாமணி அக்கா சொல்லிக் குடுத்தாப்ல கைய வெச்சு அமுத்திப் பாத்தேன், சுத்திலும், கக்கத்துலயும், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் இன்னொரு தடவ பாத்தேன், எங்கம்மா வெளிய இருந்து தண்ணி தீந்துரும்டின்னு கத்தறா. அம்மாகிட்டச் சொல்லல. பாருங்க, நான்கூட ஒண்ணச் சொல்லாம வெச்சிருக்கறேன். எதுவுமே இல்லாததுக்கே சொல்ல முடியல.

போன் அடிச்சப்ப நான் மயிலாத்தாக்கான்னு நெனைச்சேன். பேரு பாத்தா, களத்துக்கார அக்கா. அப்படித்தான் சேவ் பண்ணி வெச்சிருக்கறேன், பேரப் போடாம. அடிக்குது, அடிக்குது, எடுக்காம உட்டர்லாமான்னு ஒரு நெனப்பு, எடுத்துட்டேன். கார்ச் சத்தம் கேக்குது, கண்ணாடி எறக்குனாப்ல காத்து உய்யுங்குது, பின்னால ஒரு ஆம்பளக் குரல் டீக்கடையில நிறுத்தலாமாங்குது. அவங்க எறங்கி நடக்கறாங்கபோல, காத்து நின்னுருச்சு. "கண்ணு, உங்க சைட்டுல ஒரு பேரு வந்துச்சாமா. எம்மக காட்டுனா. மூலனூரு மயிலாத்தான்னு, பஞ்சு பாடி வாங்குனாங்கன்னு. நெசமா அது?" எல்லாம் நின்னுருச்சு. கீழ மெஷின்கூட நின்ன மாதிரி, ஆனா தரை அதிர்ந்துட்டுத்தான் இருந்திருக்கும். எவ்வளவு சுளுவு தெரியுங்களா இதுக்குப் பொய் சொல்றது. அது சும்மா வர்ற பேருங்க்கா, எல்லா சைட்டுலயும் அப்படித்தான், பேர எழுதி வெச்சிருப்போம்னு சொன்னா முடிஞ்சுது, நம்பிருவாங்க, உலகமே அதைத்தான் பண்ணுது. மயிலாத்தாக்கா தப்பிச்சாங்க. நாக்கு நுனியில இருந்துச்சு. ஆனா தங்கமணி அக்கா நெசமான்னுதான் கேக்கறாங்க, அந்தக் குரல்ல ஒரு ஆசையாட்டத் தெரியுது எனக்கு, பயமாட்டயும் தெரியுது, எதுன்னு புடிபடல. ஒருவேள இத வெச்சு வண்டியத் திருப்பப் போறாங்களா. ஒருவேள, ஒருவேள இன்னொண்ணா. நான் பொய் சொன்னா அந்த இன்னொண்ணும் செத்துரும். என்ன பேசப் போறேன்னு தெரியாமயே பேசுனேன். "அக்கா, எங்க கடையில ஆரு என்ன வாங்குனாங்கன்னு ஆருக்கும் சொல்றதில்லீங். அந்தப் பெட்டி வந்ததே தப்புங், நான் பண்ணுன தப்புங். எடுத்துட்டனுங்." அந்தப் பக்கம் ஒரு லாரி போகுது. "எம்பேரக் கேட்டு ஆராச்சும் வந்தா?" "அவங்களுக்கும் இதேதாங்க்கா." "மூலனூர்ல இருந்தே கேட்டா?" எனக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு லேபிளெல்லாம் மங்கலா ஓடுது. "ஆரு கேட்டாலுங்." அவங்க ம்முன்னாங்க. அப்பறம், செரி கண்ணு, எங்கூட்டுக்காரரு கூப்புடறாரு, நாங்க எட்டிட்டோம்னு சொல்லீட்டு வெச்சுட்டாங்க.

எட்டிட்டோம்னா மூலனூர் எல்லைய எட்டிட்டாங்க. இல்லைன்னு நான் சொல்லல. இல்லைன்னு சொல்லாதது ஆமான்னு சொன்ன மாதிரி இல்லையா. ஆமான்னா நான் மயிலாத்தாக்காவக் காட்டிக் குடுத்துட்டனா. இல்ல, கேக்கறவங்களுக்கெல்லாம் இதேதான்னு சொன்னேன்ல, ஆமா இருந்தாலும் இல்லை இருந்தாலும் இதேதான வரும். ஆனா வாங்காதவங்கன்னா, அப்படி ஆரும் இல்லீங்க்கான்னு சட்டுனு வந்திருக்குமில்ல வாயில, அவங்க அத யோசிக்க மாட்டாங்களா. யோசிப்பாங்க, மெதுவாப் பேசறவங்க நெறைய யோசிப்பாங்க. வேன்காரர் வந்து ஹாரன் அடிச்சாரு, மூட்டையத் தூக்கிக் குடுத்தேன், என்ன அம்மிணி மொகமே செரியில்ல, லவ்வுகிவ்வு புட்டுக்கிச்சான்னாரு, ஆமாங்ண்ணா காங்கேயத்துப் பையனுங்கன்னேன், அவரு சிரிச்சுட்டே போயிட்டாரு. காங்கேயம்னு ஏன் சொன்னேன். எஃப்எம் எங்கயாச்சும் கசியத்தான் செய்யுது. திரும்ப மேல வந்தா ரூம்பு காலியாட்டக் கெடக்குது, பார்சல் இருந்த எடத்துல பஞ்சுத் தூசி மட்டும் வட்டமா. இந்நேரம் ஒக்காந்திருப்பாங்க. வாங்க வாங்கன்னு சொல்லியிருப்பாங்க. மாப்ளையோட அக்கா பொண்ணையப் பாக்காம பொண்ணோட அம்மாவப் பாத்துட்டு இருப்பா, கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியும், பொம்பளைங்க பாத்தாக்கூட அங்கதான் போகும், எதாச்சும் தெரிஞ்சிருச்சுன்னா. நல்லாத் தைச்சிருக்கறோம்க்கா, தெரியாதுங்க்கா, நான் மூலனூரப் பாத்துட்டு மனசுக்குள்ள சொல்றேன், அது எந்தப் பக்கம்னுகூடத் தெரியாம ஜன்னலப் பாத்துட்டு. சிந்துஜா என்ற வயசு. அந்தப் பொண்ணுக்கு என்னையத் தெரியாது, என்ற பேரு தெரியாது, அவ கலியாணம் என்ற தொண்டைக்குள்ள சிக்கிட்டு இருக்கறது தெரியாது. கீழ அக்கா ஒருத்தங்கள மாத்தி ஒருத்தங்களக் கூப்புட்டுப் பேசிட்டு இருக்கறது படிக்கட்டு வழியா வருது, ஆமாங்க எங்க தப்புதானுங், இல்லீங் இனி வராதுங், நீங்க சொல்றது நாயந்தானுங். ஒருத்தங்க நல்லாத் திட்டறாங்கபோல, அக்கா ரொம்ப நேரம் ம் ம்னு மட்டும் சொல்றாங்க. எனக்குப் பதிலா வாங்கிக்கறாங்க.

வெளிச்சம் மஞ்சளாகி ஜன்னல் கம்பி செவுத்துல நீளமா விழுந்து கெடக்கறப்ப மயிலாத்தாக்கா கூப்புட்டாங்க. நான் எடுத்து ஹலோகூடச் சொல்லல. பாத்திரம் உருள்ற சத்தம், ஆரோ சிரிக்கறாங்க, கொழந்த ஒண்ணு சக்கரை சக்கரைன்னு கத்துது. "மாத்திட்டோம் கண்ணு"ன்னாங்க. நான் தரையிலயே ஒக்காந்துட்டேன். அவங்க நிறுத்தல. தண்ணி வேணும்னு மாப்ளையோட அம்மா சமையக்கட்டுக்குள்ள வந்தாங்களாமா, வந்து அங்க நின்ன சொந்தக்காரப் பொம்பளைங்களயெல்லாம் கொஞ்சம் வெளிய இருங்கன்னு சொல்லீட்டு கதவச் சாத்துனாங்களாமா. சாத்துனதும் எனக்கு உசுரே இல்ல கண்ணு, முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டேன், பொண்ண நெனைச்சேன், உன்னையக்கூடத் திட்டுனேன், மன்னிச்சுக்கன்னாங்க. "அந்தம்மா என்ற கையப் புடிச்சு எடுத்து அவங்க நெஞ்சு மேல வெச்சாங்க. பஞ்சு கண்ணு." அதுக்கு மேல போனுக்குள்ள ரெண்டு பக்கமும் மூக்கு உறிஞ்சற சத்தந்தான். அப்பறம் ரெண்டு பேரும் சமையக்கட்டுலயே ஒக்காந்து எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரு, முடி திரும்ப எப்ப மொளைச்சுதுன்னு பேசுனாங்களாமா, வெளிய ஆம்பளைங்க சீர்ல எதோ தகராறோன்னு பயந்துட்டுக் கதவத் தட்டுனாங்களாமா. நோயாளி மாமியாரப் பாத்துக்கத்தான் பொண்ணு தேடறோம்னு நீங்க நெனைச்சுருவீங்களோன்னு நானும் மூடி மூடி வெச்சேன்னு அந்தம்மா சொன்னாங்களாமா. நான் கேட்டுட்டே இருக்கறேன், தொண்டையில மத்தியானத்துல இருந்து நின்னது கரையுது, உப்பாட்டக் கரையுது. அப்பத்தான் அவங்க சட்டுனு நிறுத்துனாங்க. "ஏங் கண்ணு. அவங்களும் உங்க கடையிலதானாமா. அப்ப நான் அழுதுட்டுப் பேசறப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும்னு சொல்லலாம். இப்ப என்ன, அவங்களே சொல்லிக்கிட்டாங்க, கதவு தொறந்தாச்சு, தட்டு மாத்தியாச்சு. ஆனா தங்கமணி அக்கா என்கிட்டச் சொல்லலையே, மயிலாத்தாக்காகிட்டத்தான சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. எங்கையில காலி டேப்பு வளையம், அதுக்குள்ள வெரல உட்டுச் சுத்திட்டு இருக்கறேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா நான் இத்தன நேரம் செத்துச் செத்துப் பொழைச்சிருக்க வேண்டாமேன்னாங்க. அது நெசந்தான், அந்த நேரத்த நான் திருப்பிக் குடுக்க முடியாது. அப்பறம் அவங்க சிரிக்கறாங்க, மூக்கடைச்ச சிரிப்பு. செரி, நீ சொல்ல மாட்டே, நல்லா இரு சாமின்னாங்க. நீங்கதாங்க்கா நல்லா இருக்கோணும், நீங்க கூப்புட்டதுக்கே நான் கும்புடோணுங்கன்னு என்னென்னமோ சொல்றேன், பாதி அழுகையில போகுது. அக்கா, அவங்க உள்ள வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்டேன். ஏன்னு கேட்டாங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க்கா, ஒண்ணும் உடாமச் சொல்லுங்கன்னு செவுத்துல சாஞ்சு கால நீட்டி ஒக்காந்தேன். அவங்க ஒரு பாத்திரத்தத் தள்ளி வெச்சுட்டு, அடுப்புல பால் வெச்சிருந்தேன் கண்ணுன்னு ஆரம்பிச்சாங்க, பொங்கற சமயம் பாத்துத்தான் அந்தம்மா உள்ள வர்றாங்க.